விற்பனைச் சிப்பந்தியை எதைக் கொண்டு அளப்பது?

கூட்டுறவுச் சங்கங்களின் ஆண்டுக் கணக்கு முடியும் மார்ச்சு மாதம் நெருங்குங்கால், விற்பனை நிலையங்களைப் பற்றிய ஒரு பட்டியல் நிர்வாகக் குழுவின் முன் வைக்கப்படுவது வழக்கம். கடையின் பெயர், சென்ற ஆண்டு விற்பனை, இவ்வாண்டு இலக்கு, இவ்வாண்டு விற்பனை, இலக்கில் எட்டிய விழுக்காடு என்று ஐந்து கட்டங்கள் அதில் காணப்படும். ஐந்தாவது கட்டத்தில் நூறைத் தொட்டவர் திறமைசாலி. எண்பதுக்குக் கீழே நின்றவர் திறமையற்றவர். ஊதிய உயர்வும், இடமாற்றமும், விளக்கம் கேட்டு அனுப்பும் கடிதமும் பெரும்பாலும் இந்த ஒற்றை எண்ணிலிருந்தே பிறக்கின்றன.

இம்முறை எளியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், எளிமை வேறு, நியாயம் வேறு. தவறான அளவுகோலால் ஒரு சிப்பந்தியின் மனம் நோவதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. கடையில் துணி தேங்கினால் சங்கம் கொள்முதலைக் குறைக்கிறது; கொள்முதல் குறைந்தால் தறிக்குப் பாவு கிடைப்பதில்லை; பாவு இல்லையேல் நெசவாளி வீட்டில் அடுப்பு எரிவதில்லை. விற்பனையாளரை எவ்வாறு அளக்கிறோம் என்னும் கேள்வி, இறுதியில், தறி எத்தனை நாள் ஓடும் என்னும் கேள்வியேயாகும். ஆகவே அங்கத்தினர்களும் நிர்வாகஸ்தர்களும் இதனைச் சற்று நின்று ஆராய்தல் வேண்டும் என்று கருதுகிறோம்.

சலாபத்துறை கற்பிக்கும் பாடம்

உழைப்பை அளந்து கூலி கொடுக்கும் கலை நமது கடற்கரைக்குப் புதியதன்று. தூத்துக்குடியில் முத்துச் சலாபம் நடந்த நாட்களில் குளிப்போருக்கு நாட்கூலி என்பது கிடையாது. எடுத்து வந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசினருக்கு. மூன்றில் ஒரு பங்கு குளித்தவருக்கு. 1955 முதல் 1961 வரை நடந்த சலாபங்களுக்குப் பின்னர் இத்தொழில் நின்றுபோயிற்று. எனினும் அதன் நடைமுறை இன்றும் நமக்கு உதவக்கூடியது.

கரைக்கு வந்த சிப்பியைக் குளித்தவர்களே மூன்று குவியல்களாகப் பிரிப்பர். அதிகாரி வந்து, தாம் விரும்பிய இரண்டு குவியல்களைச் சுட்டுவார். எஞ்சியது குளித்தவர்க்கு உரியது. எந்தக் குவியல் தமக்கு எஞ்சும் என்பது பிரிப்பவர்க்குத் தெரியாதாகையால், மூன்றையும் சமமாகப் பிரிப்பதே அவர்க்கு இலாபம். அதிகாரிக்கு ஐயமில்லை, குளித்தவர்க்கு மனக்குறையில்லை. பங்கு இன்னதென்று கடலில் இறங்கும் முன்னரே இரு சாராருக்கும் தெரியும். பிரிவினை பலர் காண வெளியிலே நடைபெறும். அளவுகோல் முன்கூட்டியே அறிவிக்கப்படல், அளக்கப்படுபவர்க்கும் அளவையில் பங்கிருத்தல், அளத்தல் ஒளிவின்றி நடத்தல் என்னும் மூன்று தத்துவங்களும் அந்தக் கொட்டிலிலே அடங்கியிருந்தன.

முத்தைத் தரம் பிரித்த முறையும் நோக்கத்தக்கது. இருபது துளை உள்ளது முதல் ஆயிரம் துளை உள்ளது வரையில் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் முத்துக்களைச் சலிப்பர். பருமனைச் சல்லடை சொல்லிவிடும். ஆனால் உருட்சியையும் ஒளியையும் சல்லடை சொல்லாது. அவற்றைத் தேர்ந்த கண்ணே சொல்ல வேண்டும். ஆணிமுத்து என்னும் பெயரைச் சல்லடை சூட்டுவதில்லை. விற்பனைத் தொகை என்பது சல்லடை, அது வேண்டும். சல்லடையோடு தரம் பிரிக்கும் வேலை முடிந்துவிட்டதாக எண்ணுவதுதான் பிழை.

எண்ணுக்கும் இடம் உண்டு

எமது வட்டத்துச் சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் வழியில், திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையோரம், ஆதிச்சநல்லூர்ப் பரம்பு இருக்கிறது. 1876-இல் ஜெர்மானியரான யாகோர் இங்குத் தோண்டிய பொருள்களைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். பின்னர் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்து, கண்ட பொருள்களின் பட்டியலை 1915-இல் வெளியிட்டார். இந்தியத் தொல்லியல் துறை 2004-இல் மீண்டும் அகழாய்வு நடத்தியது. இப்பொழுதோ, தாழிகளை அவை கிடந்த குழியிலேயே விட்டு, மேலே கண்ணாடி பரப்பி மக்கள் காணும்படி 2023 ஆகஸ்டில் தளக் காட்சியகம் திறக்கப்பட்டிருக்கிறது.

அவ்வாறு செய்ததன் காரணம் யாதெனில், ஒரு தாழி எந்த ஆழத்தில், எதன் அருகில் கிடந்தது என்பது தெரிந்தால்தான் அது வரலாறு பேசும். இடத்தினின்று பெயர்த்த பானை வெறும் பானையே. விற்பனை எண்ணும் அத்தகையதே. ஓர் ஆண்டில் பதினான்கு லட்சம் ரூபாய்க்கு விற்றார் என்றால், எந்த ஊரில், எந்தக் கடையில், எந்தச் சரக்கை, எந்தப் பருவத்தில் என்று கேட்டறியாமல் அவ்வெண்ணைத் தலைமை அலுவலகத்துக்குப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தால், அஃது ஊமையாகிவிடும்.

விவசாய அங்கத்தினர்களுக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. மேலணைகளின் தலைமடையில் உழுபவனுடைய விளைச்சலையும், இவ்வணைக்குக் கீழே கடைமடையில் தண்ணீருக்குக் காத்திருப்பவனுடைய விளைச்சலையும் ஒரே தராசில் இட்டு, பின்னவனைச் சோம்பேறி என்று எவரும் ஏசுவதில்லை. நிலத்துக்கு நாம் காட்டும் இந்த நியாயத்தைக் கடைக்குக் காட்டத் தவறுகிறோம்.

இரண்டு கடைகளின் கணக்கு

உதாரணத்துக்காக ஒரு சங்கத்துக்கு இரண்டு விற்பனை நிலையங்கள் இருப்பதாகக் கொள்வோம். நகரக் கடையில் நான்கு சிப்பந்திகள். சென்ற ஆண்டு விற்பனை 38 லட்சம், இவ்வாண்டு இலக்கு 40 லட்சம், விற்றது 40 லட்சம். சிற்றூர்க் கடையில் இரண்டு சிப்பந்திகள். சென்ற ஆண்டு விற்பனை 12 லட்சம், இலக்கு 18 லட்சம், விற்றது 14 லட்சம். பட்டியலின்படி முன்னது நூறு விழுக்காடு, பின்னது 78 விழுக்காடு. நகரக் கடைக்குப் பாராட்டு. சிற்றூர்க் கடைக்கு விளக்கம் கேட்கும் கடிதம்.

இனி, இதே கடைகளின் ஏனைய பதிவேடுகளைப் புரட்டுவோம். நகரக் கடையின் விற்பனை சென்ற ஆண்டைவிட 5 விழுக்காடு வளர்ந்தது. சிற்றூர்க் கடையினது 16 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது. நகரக் கடை விற்ற 40 லட்சத்தில் 28 லட்சம் தள்ளுபடி நாட்களில் விற்றது. சிற்றூர்க் கடையில் 14 லட்சத்தில் 6 லட்சமே அவ்வாறு விற்றது. நகரக் கடையில் வசூலாக வேண்டிய கடன் பாக்கி 6 லட்சம். சிற்றூரில் பாக்கி இல்லை. நகரக் கடையில் ஆண்டிறுதி இருப்பு 30 லட்சம், அதில் இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட பழஞ்சரக்கு 9 லட்சம். சிற்றூரில் இருப்பு 5 லட்சம், பழஞ்சரக்கு 40 ஆயிரம்.

இருப்பில் முடங்கிய பணத்துக்கு நூற்றுக்குப் பத்து வட்டி என்று வைத்துக்கொண்டால், நகரக் கடை ஒரு ரூபாய்க்கு விற்க ஏழரைக் காசு வட்டி சுமக்கிறது. சிற்றூர்க் கடை சுமப்பது ஏறக்குறைய மூன்றரைக் காசு. அந்த 9 லட்சம் பழஞ்சரக்கை நெசவாளியின் கண்கொண்டு பார்ப்போமாக. சேலை ஒன்று 1,500 ரூபாய் என்றால் அது 600 சேலை. ஒரு சேலைக்கு மூன்று நாள் நெசவு என்றால் 1,800 தறி நாட்கள் அலமாரியில் உறங்குகின்றன. பாராட்டுப் பெற்ற கடையின் பட்டியலில் இதற்கென்று ஒரு கட்டம் இல்லை.

இவ்வளவும் சொல்லியதால் நகரக் கடையின் மேலாளரே குற்றவாளி என்று தீர்ப்பளிப்பதும் அவசரமாகும். தலைக்கு விற்பனை என்று பார்த்தால் அவர் கடையில் பத்து லட்சம். சிற்றூரில் ஏழு லட்சமே. அன்றியும், அந்தப் பழஞ்சரக்கை அவர் கேட்டு வாங்கினாரா, அன்றி ஆண்டு முடிவில் கிட்டங்கியைக் காலி செய்வதற்காகத் தலைமை அலுவலகம் அவர் தலையில் கட்டியதா என்பதே முதற்கண் அறிய வேண்டுவது. சரக்கு வரவுப் பதிவேட்டில் ‘கேட்டு வந்தது’, ‘கேளாமல் வந்தது’ என்று இரண்டு கட்டங்களைக் கூட்டினால் போதும். குற்றம் எங்கே தொடங்கியது என்பது தானே வெளிப்படும். எமது கருத்தில், கைத்தறிச் சங்கம் ஒன்று இவ்வாண்டு செய்யக்கூடிய சீர்திருத்தங்களுள் மிகச் சிறியதும் மிகப் பயனுள்ளதும் இவ்விரண்டு கட்டங்களே.

பண்டிகையும் தள்ளுபடியும்

கைத்தறி விற்பனையில் தள்ளுபடியின் பங்கு நெடுநாளையது. 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆலைத் துணிக்குக் கெஜத்துக்கு மூன்று பை கூடுதல் தீர்வை விதித்து, அந்நிதியைக் கதர், கைத்தறி வளர்ச்சிக்குப் பயன்படுத்தினர். கைத்தறித் துணிக்கு விற்பனைத் தள்ளுபடியும் அதிலிருந்து வழங்கப்பட்டது. அன்றுதொட்டுத் தள்ளுபடி நாட்களுக்காகக் காத்திருந்து வாங்கும் பழக்கம் மக்களிடையே ஊன்றிவிட்டது. எனவே தள்ளுபடி நாட்களின் விற்பனையையும் ஏனைய நாட்களின் விற்பனையையும் ஒன்றாகக் கூட்டுவது, மழைநீரையும் கிணற்று நீரையும் கலந்து அளந்துவிட்டுக் கிணறு சுரக்கிறது என்று மகிழ்வதை ஒக்கும். விற்பவரின் திறமை புலப்படுவது தள்ளுபடி இல்லாத நாளிலேதான்.

மாதத்துக்கு மாதம் ஒப்பிடுவதிலும் ஒரு பொறி உண்டு. தீபாவளி 2023-இல் நவம்பர் 12. 2024-இல் அக்டோபர் 31. 2025-இல் அக்டோபர் 20. 2024 அக்டோபர் விற்பனையை 2023 அக்டோபரோடு ஒப்பிட்டு ‘வளர்ச்சி’ என்று மெச்சுவதும், 2024 நவம்பரை 2023 நவம்பரோடு ஒப்பிட்டு ‘வீழ்ச்சி’ என்று கடிந்துகொள்வதும் பஞ்சாங்கத்தைப் பாராத பிழையேயாம். பண்டிகைக்கு முந்திய நாற்பத்தைந்து நாட்களை ஒரு பருவமாகக் கொண்டு, பருவத்தோடு பருவத்தை ஒப்பிடுவதே முறை.

மணிகள் காட்டிய உண்மை

அமெரிக்கப் புள்ளியியலறிஞர் டெமிங் தம் வகுப்புகளில் ஒரு சோதனை செய்து காட்டுவார். ஒரு பெட்டியில் 4,000 மணிகள். அவற்றுள் 3,200 வெண்மணி, 800 செம்மணி. ஐம்பது குழிகள் உள்ள பலகையைப் பெட்டிக்குள் செலுத்தி எடுத்தால், குழிக்கு ஒன்றாக ஐம்பது மணிகள் வரும். செம்மணி என்பது பழுதான சரக்கு. வகுப்பில் சிலரைத் தொழிலாளிகளாக நியமித்து, செம்மணியே வரக் கூடாது என்று ஆணையிடுவார். ஒருவர் பலகையில் ஆறு செம்மணி வரும். மற்றொருவர் பலகையில் பதினான்கு வரும். முன்னவரைப் புகழ்வார், பின்னவரைக் கடிவார். மறுமுறை எடுக்கும்பொழுது புகழப்பட்டவர் பலகையில் கூடும். கடியப்பட்டவர் பலகையில் குறையும். எவர் எடுப்பினும் ஐந்தில் ஒரு பங்கு செம்மணியே. பெட்டியை நிரப்பியவர் தொழிலாளி அல்லர் என்பதைச் சபையோர் கடைசியில் உணர்வர்.

இதனால் மனிதர்க்குள் திறமை வேற்றுமையே இல்லை என்று டெமிங் சொன்னதாகக் கொள்ளலாகாது. நாமும் அவ்வாறு சொல்லவில்லை. ஓர் ஆண்டின் ஏற்ற இறக்கத்தில் பெட்டியின் பங்கு எவ்வளவு, கையின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறியாமல் பரிசும் தண்டனையும் வழங்கலாகாது என்பதே பாடம். மூன்று பருவங்களிலும் தொடர்ந்து ஒருவர் முன்னிற்பாராயின் அது கையின் திறம். ஒரு பருவத்தில் எல்லாக் கடைகளும் ஒருசேரத் தாழ்ந்தால் அது பெட்டியின் குறை. மூன்று பருவங்களிலும், நல்ல சரக்குக் கொடுத்தும், அண்டைக் கடைகள் உயர்ந்தும், ஒருவர் மட்டும் தாழ்வாராயின் அப்பொழுது அவரை அழைத்துக் கேட்பதில் தயக்கம் வேண்டுவதில்லை. நியாயமான அளவுகோல் சோம்பேறிக்குப் புகலிடமாகும் என்பார்க்கு நமது விடை இதுவே. பட்டியலிலுள்ள ஒற்றை எண்ணுக்குப் பின்னாலே சோம்பேறி ஒளிந்துகொள்ள இடமுண்டு. பல கட்டங்கள் உள்ள கணக்கிலே அவ்விடம் குறைவு.

இலக்கையே தெய்வமாக்கினால் நேர்வது யாது என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ என்னும் பெரிய வங்கி, ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் பல கணக்குகளை விற்கும்படி சிப்பந்திகளை நெருக்கியது. இலக்கை எட்டமாட்டாதவர்கள், வாடிக்கையாளர் அறியாமலே அவர் பெயரில் கணக்குத் தொடங்கினர். ஏறக்குறைய 20 லட்சம் கணக்குகள் இவ்வாறு ஐயத்துக்கு உள்ளாயின. 2016 செப்டம்பரில் அவ்வங்கிக்கு 18 கோடியே 50 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. சுமார் 5,300 சிப்பந்திகள் வேலை இழந்தனர். நமது கடைகளில் இதன் சிறு உருவங்கள் தோன்றாமல் காப்பது அவசியம். மார்ச்சு 31-இல் தெரிந்தவர் பெயரில் கடனுக்குப் பில் போட்டு, ஏப்ரலில் ‘திருப்பி வந்தது’ என்று வரவு வைத்தல் அத்தகையதோர் உருவம். ஆண்டு முதல் இரு வாரங்களில் திரும்பி வந்த சரக்கைத் தனியே எழுதிப் பார்த்தால் தணிக்கையாளர்க்கு இஃது எளிதில் அகப்படும்.

சரக்கைத் தேர்பவர் கணக்கு

விற்பவரைப் போலவே அளக்கப்பட வேண்டியவர் மற்றொருவர் இருக்கிறார். எந்த ரகம் நெய்ய வேண்டும், எந்த நிறம், எந்தக் கரை, எவ்வளவு என்று தீர்மானிக்கும் உற்பத்தி, கொள்முதல் அலுவலரே அவர். சரக்கு விற்றால் கடைக்காரர் கெட்டிக்காரர், விற்காவிட்டால் கடைக்காரர் திறமையற்றவர் என்னும் வழக்கத்தில் இவர் பெயர் எங்குமே வருவதில்லை.

1935-இல் தோன்றிய நமது மாநிலக் கைத்தறி நெசவாளர் தலைமைச் சங்கமாகிய கோ-ஆப்டெக்ஸின் அனுபவம் இங்கே ஒளி தருகிறது. 2012-க்கும் 2014-க்கும் இடையே உ. சகாயம் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், நெய்தவரின் பெயரும் படமும் தாங்கிய அட்டை சேலையோடு இணைக்கப்பட்டது; 2014 சனவரியில் வேட்டி தினம் என்னும் முயற்சியும் எடுக்கப்பட்டது. இத்தகைய முயற்சியால் வேட்டி விற்பனை எல்லாக் கடைகளிலும் உயருமாயின், அவ்வுயர்வை எந்த ஒரு கடையின் புகழிலும் சேர்க்கலாகாது. எண்ணித் துணிந்தவர் கணக்கில் சேர்க்க வேண்டும். அவ்வாறே, நிறம் ஒவ்வாமல் எல்லாக் கடைகளிலும் தேங்கிய ஒரு ரகத்தை எந்த ஒரு விற்பனையாளரின் குறையாகவும் கருதலாகாது. ஓர் இடத்தில் மட்டும் தேங்கினால் கடையைப் பார். எங்கும் தேங்கினால் தேர்வைப் பார் என்பதே விதி.

சரக்கைத் தேர்பவர்க்கு உரிய கேள்விகள் நான்கு. புதிதாக நெய்வித்த ரகங்களுள் ஆறு மாதத்துக்குள் விற்றவை எத்தனை? ‘இன்ன ரகம் இல்லையா?’ என்று கடையில் கேட்ட நாளுக்கும், அந்த ரகம் கடைக்கு வந்த நாளுக்கும் இடையே எத்தனை நாள் சென்றது? நூலோ வேலைத் திட்டமோ இன்றித் தறிகள் நின்ற நாட்கள் எத்தனை? சாயம் போயிற்று, நீளம் குறைந்தது என்று திரும்பி வந்தவை எத்தனை? இவற்றுக்கு விடை கிடைக்க வேண்டுமாயின், ஒவ்வொரு கடையிலும் ஒரு தேவைப் பதிவேடு இருத்தல் வேண்டும். வாடிக்கையாளர் கேட்டு, கடையில் இல்லாததை அன்றன்றே எழுதி வைக்கும் நோட்டுப் புத்தகமே அது. விற்ற துணியைப் பில் சொல்லும். விற்றிருக்கக்கூடிய துணியை இந்த நோட்டு ஒன்றே சொல்லும். இதனை ஒழுங்காக எழுதி அனுப்பும் விற்பனையாளர், குறைவாக விற்றிருப்பினும், தறிக்கு வழிகாட்டியவர் ஆவார்.

விளைபொருளுக்கு வேறு கோல்

விவசாயிகளின் விற்பனைச் சங்கங்களுக்கு இதே கோல் பொருந்துமா? தத்துவம் பொருந்தும், கட்டங்கள் மாறும். ஸ்ரீவைகுண்டம், ஏரல் வட்டாரத்து வாழைத்தார் வாரக்கணக்கில் காத்திராது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலையும் அவ்வாறே. இங்குச் சரக்கின் வயதை ஆண்டால் அளவிடாமல் மணிக்கணக்கால் அளவிட வேண்டும். அழுகி ஒதுக்கியது எவ்வளவு, வாங்கியவர் கொடுத்த ரூபாயில் விளைத்தவர் கைக்கு வந்தது எத்தனை காசு என்பனவே முதன்மையான கட்டங்கள்.

உடன்குடிக் கருப்பட்டியோ இதற்கு நேர்மாறு. பதநீர்ப் பருவத்தில் விலை தாழும்; பருவம் கழிந்தால் ஏறும். ஈரம் படாமல் காத்து, விலை ஏறும்பொழுது விற்பவரே கெட்டிக்காரர். துணிக் கடையில் குற்றமாகும் இருப்பு, கருப்பட்டிக் கிட்டங்கியில் குணமாகலாம். இருப்பைக் கண்டவுடன் சிவப்பு மையால் கோடிடும் பழக்கத்தை எம்போன்ற ஆய்வாளர்களும் இவ்விடத்தில் நிறுத்திக்கொள்ளல் நலம்.

அளவில் மட்டும் கண் வைத்தால் தரம் நீர்த்துப்போகும் என்பதைக் குஜராத்தில் 1946-இல் தோன்றிய கைரா பால் உற்பத்தியாளர் சங்கம் நன்கு உணர்ந்திருந்தது. பாலின் அளவோடு கொழுப்புச் சத்தையும் சோதித்தே அங்கு விலை கொடுத்தனர். லிட்டரை மட்டும் எண்ணினால் பாலில் தண்ணீர் சேரும். ரூபாயை மட்டும் எண்ணினால் விற்பனையில் கடனும் தள்ளுபடியும் சேரும்.

மறைவில் எழுதலாகாது

அளவுகோல் செம்மையாயிருந்தும், அதனைக் கையாளும் முறை கோணலாயின் பயனில்லை. சிப்பந்தியைப் பற்றி மேலதிகாரி இரகசியமாக எழுதி, அவர் காணாதபடி பூட்டி வைக்கும் வழக்கம் அரசாங்க அலுவலகங்களில் நெடுங்காலம் இருந்தது. தேவ் தத் என்னும் பொறியாளர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008 மே மாதம் தீர்ப்புரைத்தது. அவரது ஓராண்டுக் குறிப்பேட்டில் ‘நன்று’ என்று எழுதியிருந்தனர். பதவி உயர்வுக்கோ ‘மிக நன்று’ வேண்டியிருந்தது. ‘நன்று’ என்பது பழிச்சொல் அன்று. ஆதலால் தெரிவிக்க வேண்டியதில்லை என்று அவருக்கு அறிவிக்கவில்லை. எந்த மதிப்பீடாயினும், நல்லதோ தீயதோ, உரியவர்க்குத் தெரிவித்து, முறையிட வாய்ப்பளிக்க வேண்டும் என்று நீதிமன்றம் விதித்தது. 2009 முதல் மத்திய அரசு ஊழியர்க்கு முழு மதிப்பீட்டையும் காட்டும் முறை நடைமுறைக்கு வந்தது.

அத்தீர்ப்பு அரசு ஊழியரைப் பற்றியது. எனினும், ஜனநாயகத்தைத் தன் அடிப்படையாகக் கொண்ட கூட்டுறவு இயக்கம், அரசாங்க அலுவலகத்தைவிடக் குறைந்த நியாயத்தோடு தன் சிப்பந்திகளை நடத்துவது எவ்வாறு பொருந்தும்? சலாபத்துறையில் வெளியிலே பிரித்த குவியலை, நாம் அறைக்குள்ளே பிரிக்கலாமா?

செய்யத்தக்கவை

நிர்வாகக் குழுவோ, குழு இல்லாத சங்கங்களில் தனி அலுவலரோ, வரும் ஏப்ரல் முதல் தேதிக்குள் செய்யக்கூடியவற்றைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, இலக்கை நிர்ணயிக்கும் முன் கடைக்காரரை அழைத்து, அவர் ஊரின் நிலையைக் கேட்டு, மூன்றாண்டு விற்பனையை முன்வைத்து, இருவரும் ஒப்பி எழுதுக. மேலே கண்ட சிற்றூர்க் கடைக்குப் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு லட்சம் என்று எவரோ ஓர் அறையில் எழுதியதே அதன் ‘தோல்வி’க்குக் காரணம்.

இரண்டாவது, விற்பனைப் பட்டியலில் ஐந்து கட்டங்களை மாற்றியமைக்க: தள்ளுபடி நாள் விற்பனையும் பிற நாள் விற்பனையும் தனித்தனியாக, ரொக்கமும் கடனும் தனித்தனியாக, சரக்கின் வயது, கேட்டு வந்ததும் கேளாமல் வந்ததும், தேவைப் பதிவேட்டிலிருந்து தறிக்குச் சென்ற செய்திகள்.

மூன்றாவது, சரக்கைத் தேர்பவர்க்கும் இதுபோல் ஒரு பட்டியல் வகுத்து, இரண்டையும் ஒரே கூட்டத்தில் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க. தனித்தனியே பார்த்தால் ஒருவர் மற்றவர்மேல் பழி சுமத்துவதே மிஞ்சும்.

நான்காவது, ஆண்டுக்கு ஒருமுறை என்பதை விடுத்துக் காலாண்டுக்கு ஒருமுறை உட்காருக. மார்ச்சில் கண்டுபிடித்த பழஞ்சரக்கை அழத்தான் முடியும். சூலையில் கண்டால் வேறு கடைக்கு மாற்றி ஆடியில் விற்கலாம்.

ஐந்தாவது, எண்ணால் அளக்க முடியாத குணங்களை, அதாவது வாடிக்கையாளரிடம் நடந்துகொள்ளும் பாங்கு, ரகத்தை விளக்கிச் சொல்லும் அறிவு, கணக்கில் நாணயம் ஆகியவற்றை, ‘நன்று’, ‘சுமார்’ என்று ஒரு சொல்லால் முடிக்காமல், நடந்த ஒரு நிகழ்ச்சியைக் குறித்து எழுதுக. எழுதியதைச் சிப்பந்தி படித்து, தம் விளக்கத்தையும் கீழே எழுதிக் கையொப்பமிடுவாராக.

இவற்றுக்குப் புதிய பணியாளர் வேண்டாம். பணச் செலவும் பெரிதில்லை. வேண்டுவன கோடிட்ட இரண்டு நோட்டுப் புத்தகங்களும், காலாண்டுக்கு அரை நாளும். பொதுக்குழுவில் கையுயர்த்தும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் இம்முறை விற்பனைத் தொகையைக் கேட்டதோடு அமையாமல், இன்னும் மூன்று கேள்விகளைக் கேட்பாராக. இரண்டாண்டு கடந்த சரக்கு எவ்வளவு? அது கேட்டு வந்ததா, கேளாமல் வந்ததா? விளக்கம் கேட்கும் கடிதம் யாருக்குச் சென்றது? மூன்றுக்கும் விடை பொருந்தி வருமாயின் அச்சங்கத்தின் அளவுகோல் நேரானது. பொருந்தவில்லையேல், கடைக்காரரைத் திருத்துவதற்கு முன் கோலைத் திருத்துவதே நிர்வாகத்தின் கடமையாகும்.